நாற்பத்தொன்றாவது அர்த்தம்

அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அது குட்டியாக இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி பதினேழு வருடமாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் தொடங்கும் நாளில் வார்த்தைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் குத்திவைப்பார்கள். வேண்டிய வார்த்தைக்கு எதிரே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எஸ் எழுத்தின் பட்டியல் வந்த அன்று, வாழ்க்கையில் முதல்முறையாக அலுவலகத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போனேன். மூன்றே எழுத்தில் 'செட்' என்று ஒன்று ஓரமாக உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் பிடித்துப்போயிற்று. தொகுப்பு என்று பொருள். கப் செட், நகை செட் என்று இரண்டு உதாரணம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடையைக் கட்டிவிடலாம்.

எதிர் மேசை அம்மா அதே பட்டியலில் பதினெட்டு எழுத்து நீளத்தில் ஏதோ ஒரு நோயின் பெயரை எடுத்தார். அவருக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன். அவர் பதினொரு மணிக்கு நோயைத் தீர்த்துவிட்டு, பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் பின்ன ஆரம்பித்தார்.

"நீளமான வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான் சார் இருக்கும். குட்டிங்கதான் ஊரையே வளைச்சுப் போட்டிருக்கும்," என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் கணக்குப்படி என் குட்டிக்கு நூற்று முப்பத்தேழு அர்த்தங்கள்.

சூரியன் மறைந்தால் அந்த வார்த்தை. கடிகாரத்தில் அலாரம் வைத்தால் அதே வார்த்தை. உடைந்த எலும்பைச் சேர்த்துக் கட்டினாலும், மோதிரத்தில் கல்லைப் பதித்தாலும், எலிக்குப் பொறி வைத்தாலும், வீட்டுக்குத் தீ வைத்தாலும் அதுதான். நாடக மேடையில் அட்டையால் செய்த அரண்மனையும் அதுதான், பள்ளிக்கூடத்தில் என்னைப் பெஞ்சு மேல் நிற்கவைத்த கணக்குப் பாடத்துக் கணமும் அதுதான். பயணம் கிளம்புவது, மழை பிடித்துக்கொள்வது, முடியைச் சுருட்டிவிடுவது, மாறாத பிடிவாதம், டென்னிஸில் ஏதோ ஒரு பாகம். இதுபோக, நம் ஆட்கள் அதைச் சும்மா விட்டார்களா. "அவன் நம்ம செட்டு", "எனக்கும் அந்தச் சட்டைக்கும் செட் ஆகல" என்று அவர்கள் பங்குக்குச் சேர்த்துவைத்திருந்தார்கள். மதியத்துக்குள் முடிப்பதாக இருந்த வேலை நாலு மாதம் ஓடியது.

அர்த்தம் எழுதுவதாவது பரவாயில்லை. உதாரண வாக்கியம்தான் உயிரை எடுத்தது. எங்கள் தலைமைப் பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் நட்சத்திரக்குறி. அவர் எதைச் சொன்னாலும் கீழே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வோர் அர்த்தத்துக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும் என்பார். ஆனால் வேறு அகராதியிலிருந்து எடுக்கக் கூடாது. ஆனால் செயற்கையாக இருக்கக் கூடாது. ஆனால் உயிருள்ள மனிதர் சொல்வதுபோல இருக்க வேண்டும். முப்பது வாக்கியத்தோடு என் கற்பனை வறண்டுவிட்டது. அதற்குமேல் வீட்டிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன்.

இங்கேதான் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் அலுவலகத்தின் வாசிப்பாளரும் அவர்தான். நாங்கள் கையால் எழுதும் சீட்டுகளை அச்சகத்தில் அடித்து அனுப்புவார்கள். வாசிப்பாளர் மூலச் சீட்டை உரக்கப் படிப்பார். எழுதியவர் எதிரே உட்கார்ந்து அச்சுத் தாளில் சரிபார்ப்பார். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் மச்சான் வாய்விட்டுச் சொல்வார். இந்த அகராதி தொடங்கும் முன்பிருந்தே, இருபத்தாறு வருடமாக அவர் ஒரு புள்ளியைக்கூட விட்டதில்லை. என்னை ஆறு மாதம் எதிரே உட்காரவைத்துப் பார்த்து, தேறுவேன் என்று நம்பித்தான் தங்கையைக் கொடுத்தார். நல்ல வாசிப்பாளர்கூட எங்காவது ஓரிடத்தில் தவறுவது சகஜம்.

எங்கள் வாசிப்பு அறையில் ஒரு விதி உண்டு. சீட்டில் இல்லாத வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது. முன்னொரு காலத்தில் வாசிக்கும்போது நடந்த சண்டைகளால் நட்சத்திரக்குறி கொண்டுவந்த விதி. ஆட்சேபம் இருந்தால் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி நீட்ட வேண்டும். எழுதியவர், வாசித்தவர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு வார்த்தை முடிந்ததாக அர்த்தம்.

அந்த விதி இல்லாவிட்டால் நானும் மச்சானும் வேலையை விட்டிருப்போம். ஏனென்றால் பதினாலு மாதமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வாசிப்பு உள்ள நாட்களில் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை எதிரெதிரே உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான வார்த்தைகளை அவர் என்னிடம் சொல்லுவார், நான் தலையாட்டுவேன். அதில் ஒன்றுகூட எங்கள் சொந்த வார்த்தை இல்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு படி. எங்கள் வீட்டின் பின்வாசலில் படி உடைந்துபோயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து, பலகை அடித்து, சிமெண்ட் குழைத்து, புதுப் படி கட்டினார். சாயங்காலம் அதன்மேல் நான் கால் வைத்தேன். கணுக்கால் வரை போயிற்று. மச்சான் காய்ந்துவிட்டது என்று சொன்னதால்தான் வைத்தேன் என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை, மேலே காய்ந்திருக்கிறது என்றுதான் சொன்னார் என்றார். நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தாமலேயே ஒன்று சொன்னார்:

"அகராதி எழுதறவருக்கு 'மேல'ங்கற வார்த்தைக்கு அர்த்தம் தெரியல."

தொழிலில் கை வைத்துவிட்டார். ஒரு கால் வெளுத்தும் ஒரு கால் கறுத்தும் நின்றுகொண்டிருந்த நான், "இனிமே நீங்க இந்தப் படியில கால் வைக்க வேண்டாம்," என்றேன்.

ஈரமான படியைத்தான் சொன்னேன் என்று பிற்பாடு ஒரு விளக்கம் தயாரித்தேன். அதை நானே நம்பவில்லை. மச்சான் கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போனவர், அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. படி என் பாதத்தோடு இறுகிவிட்டது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரியும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். அடைத்துவிடலாம் என்று ஒருமுறை சொன்னதற்கு, "ரெண்டு பேரும் சேந்து அடைக்கிற வரைக்கும் அது அப்படியே கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள் மனைவி. துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் என் பாதத்தைத் தாண்டித்தான் கொடிக்குப் போவாள். தாண்டும்போதெல்லாம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

எஸ் எழுத்து முடியும்போது மச்சானுக்கு ஓய்வு. அதன்பிறகு மகள் இருக்கும் ஊருக்கே போய்விடுவதாக ஏற்பாடு. ரயிலில் ஒன்றரை நாள். அண்ணி முன்னாலேயே போய் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மச்சான் இங்கே தனியாக, கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்ட அன்று மனைவி எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணன் ஊரைவிட்டுப் போறதுக்குள்ள ஒரு வேளையாவது இங்க வந்து என் கையால சாப்பிடணும். இல்லேன்னா..." என்றாள்.

இல்லேன்னாவுக்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான ஆட்களுக்குத் தெரியும், மிச்சத்தைச் சொல்லிவிட்டால் எவ்வளவோ நிம்மதி.

எழுந்து போய்ப் பேசுவதற்கு என்ன, என்று நீங்கள் கேட்கலாம். அதே கேள்வியைத் தினமும் பேருந்தில் போகும்போது நானும் கேட்டுக்கொள்வேன். அலுவலக வாசலில் மச்சானின் செருப்பைப் பார்த்ததும், 'மேல'ங்கற வார்த்தைக்கு அர்த்தம் தெரியல என்றது ஞாபகம் வரும். நேராக என் மேசைக்குப் போய் இன்னும் நாலு சீட்டு எழுதுவேன்.

அப்படி எழுதியதில்தான் வினை வந்தது. நாற்பத்தொன்றாவது அர்த்தம், இறுகுதல். அதற்கு உதாரணம் தேடியபோது என் பேனா என்னைக் கேட்காமலேயே எழுதிவிட்டது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தேன். நூற்று முப்பத்தேழு சீட்டில் ஒரு பென்சில் கோடு என்ன ஆகும். சீட்டுக் கட்டு அச்சகத்துக்குப் போய், அச்சாகி, நேரே வாசிப்பு அறைக்கு வந்துவிட்டது.

மச்சான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். நாற்பது வரை ஒழுங்காகப் போயிற்று. அடுத்த சீட்டின் முதல் வரியிலேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. விதி என் வாயைக் கட்டிவிட்டது. அவர் வாயைத் திறந்துவிட்டது.

"நாற்பத்தொன்று. இறுகுதல் கமா கெட்டியாதல் முற்றுப்புள்ளி. எடுத்துக்காட்டு. மச்சான் காய்ந்துவிட்டது என்றார் அரைப்புள்ளி நம்பிக் கால் வைத்தேன் அரைப்புள்ளி சிமெண்ட் இறுகவில்லை முற்றுப்புள்ளி."

எல்லா வாக்கியத்தையும்போல இதையும் ஒரே குரலில்தான் படித்தார். கதவுக்கு வெளியே எதிர் மேசை அம்மாவின் ஸ்வெட்டர் ஊசிகள் நின்றுபோயின. மச்சான் மஞ்சள் சீட்டு ஒன்றைக் கிழித்து, நிதானமாக எழுதி, என் பக்கம் தள்ளினார்.

'தகவல் பிழை. சம்பந்தப்பட்டவர் சொன்னது: மேல காஞ்சிருக்கு. முதல் வார்த்தை விடுபட்டுள்ளது.'

வேறு ஏதாவது வாக்கியம் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஐஸ் இறுகியது, பசை இறுகியது என்று எத்தனையோ. நான் அப்படிப்பட்ட ஆளாக இருந்திருந்தால் என் பாதம் ஏன் படியில் இருக்கப்போகிறது. சம்பந்தப்பட்டவர் 'மேல' என்பதை யாருக்கும் கேட்காதபடி முனகினார் என்று வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தேன்.

மறுநாள் அதை உரக்க வாசித்துவிட்டு அடுத்த மஞ்சள் சீட்டை நீட்டினார். 'முனகினார் என்பது தவறு. சம்பந்தப்பட்டவருக்கு இருபத்தாறு வருடம் உரக்க வாசித்துப் பழக்கம்.'

இது நியாயமான ஆட்சேபம். முனகலை எடுத்துவிட்டேன். கேட்டவர் அவசரத்தில் இருந்ததால் காதில் விழவில்லை என்று மாற்றினேன். அதற்குள் இந்தச் சமாச்சாரம் அலுவலகம் முழுக்கப் பரவி, நாற்பத்தொன்று வாசிக்கும் நேரத்தில் எல்லாருக்கும் வாசிப்பு அறைக்குப் பக்கத்திலேயே ஏதாவது வேலை இருந்தது. நட்சத்திரக்குறியே ஒருமுறை எட்டிப் பார்த்து, சிமெண்ட் இன்னும் இறுகவில்லையா என்று விசாரித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லிப் போனார். வெள்ளிக்கிழமை மச்சானின் கடைசி நாள். திங்கட்கிழமை காலை ரயில்.

மூன்றாவது மஞ்சள் சீட்டு வியாழக்கிழமை வந்தது. 'ஏற்கத்தக்கது. ஆனால் அவசரம் எதற்கு என்று வாக்கியத்தில் இல்லை.'

அந்தச் சீட்டோடு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பின்வாசலில் உட்கார்ந்தேன். பதினாலு மாதத்தில் மச்சான் எத்தனையோ விதமாக என் மனசுக்குள் வந்து சண்டை போட்டிருக்கிறார். இந்தக் கேள்வியை மட்டும் அவர் கேட்டதில்லை. கேட்கக் கூடாதென்று நானும் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறேன். ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவள் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. படியைக் கட்டியது முழுக்க மச்சான். நான் செய்ததெல்லாம் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்தது. அதில் ஒன்றை வழியிலேயே கொட்டிவிட்டேன். அவள் உள்ளே வருவதற்குள் அந்தப் படிமேல் ஏறி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டால், கட்டியது யார் என்று அவள் கேட்கமாட்டாள் அல்லவா. அந்த அவசரம்தான். 'மேல' என்று அவர் சொன்னதும் என் காதில் விழத்தான் செய்தது.

வெள்ளிக்கிழமை வாசிப்பு அறையில் கூட்டம். மச்சான் கடைசி நாளுக்கென்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். என் புதுச் சீட்டை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"நாற்பத்தொன்று. இறுகுதல் கமா கெட்டியாதல் முற்றுப்புள்ளி. எடுத்துக்காட்டு. மேலே மட்டும்தான் காய்ந்திருக்கிறது என்று மச்சான் தெளிவாகச் சொல்லியும் கமா அவர் கட்டிய படியில் ஏறி நின்று நானே கட்டியதாக மனைவியிடம் காட்டிக்கொள்ளும் அவசரத்தில் கமா சிமெண்ட் இறுகும் முன்பே கால் வைத்துவிட்டேன்..."

அவ்வளவுதான். அதற்குமேல் சத்தம் வரவில்லை. அச்சுத் தாளில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மச்சான் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"முற்றுப்புள்ளி, மச்சான்," என்றேன் மெதுவாக.

சீட்டில் இல்லாத வார்த்தை. வாசலில் நின்ற நட்சத்திரக்குறி வாயைத் திறந்தார். எதிர் மேசை அம்மா ஊசியோடு அவரைத் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

மச்சானுக்கு விதி என்றால் விதிதான். சீட்டுக் கட்டைப் புரட்டி நூற்றுப் பன்னிரண்டை உருவினார். பாதத்தையும் சேர்த்து 'செட் ஃபுட்' என்று சொன்னால் அந்த வார்த்தைக்கு ஓரிடத்தில் கால் வைத்தல் என்று ஒரு பொருள். எந்த வாக்கியத்தை யோசித்தாலும் அன்று நான் சொன்ன வாக்கியமே வந்து நின்றதால், உதாரணம் எழுதாமலேயே விட்டிருந்தேன். மச்சான் தன் பேனாவால் அந்த வெற்றிடத்தை நிரப்பி, நான் படிக்க வேண்டும் என்பதுபோல என் முன் வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு அண்ணன் தங்கை வீட்டில் கால் வைத்தார் முற்றுப்புள்ளி," என்று உரக்கப் படித்தேன். புள்ளியை விடவில்லை. இரண்டு சீட்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

(அகராதி வெளிவந்ததும் தேடிப் பார்க்க வேண்டாம். அச்சுக்குப் போகும் முன்பே நட்சத்திரக்குறி நாற்பத்தொன்றைச் சுருக்கிவிட்டார். 'சிமெண்ட் இறுகியது' என்று மட்டும் இருக்கும்.)

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு நானும் மனைவியும் முன்வாசலில் நின்றோம். அவள் காலையிலிருந்து ஐந்து பேருக்குச் சமைத்திருந்தாள். மச்சானைக் காணவில்லை. பன்னிரண்டு நாற்பதுக்குப் பின்பக்கத்திலிருந்து சுரண்டும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பக்கத்துச் சந்து வழியாக வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, என் பாதத்துக்குள் படிந்திருந்த மண்ணைக் கரணையால் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அரைப் பை சிமெண்ட்.

"தண்ணி கொண்டாங்க மாப்பிள்ளை. இந்தத் தடவை கொட்டாம," என்றார்.

பதினாலு மாதத்துக்குப் பிறகு அவர் எனக்குச் சொன்ன முதல் சொந்த வாக்கியம் அதுதான். கொண்டுவந்தேன். கொட்டவில்லை.

விரல் விரலாக அடைத்து, மட்டம் தட்டி முடித்தார். மனைவி கதவருகே நின்று, முன்பக்கமாகச் சுற்றி வந்து சாப்பிடும்படி எங்களைக் கூப்பிட்டாள். மச்சான் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவரை இங்க தனியா விட்டுட்டா?" என்றார்.

தனியாக விட வேண்டாம், நானும் உள்ளே வருகிறேன் என்றேன். அதையும் அவர் நம்பவில்லை. கடைசியில் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு படிக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டோம். மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக வீட்டைச் சுற்றி மூன்று நடை நடந்து, கொடியில் காய்ந்த போர்வைக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் பரிமாறினாள். தோட்டமும் வீட்டில் சேர்த்தியா என்று கேட்டேன். அண்ணன் மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, சேர்த்திதான் என்று சொன்னாள்.

மாலை வரை இருந்தார். படி காய்ந்ததா என்று இருவரும் ஆளுக்கு ஆறு தடவை குனிந்து பார்த்தோம். காய்ந்துவிட்டது என்று மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது, முடிவு தெரியாமல் போவதுதான் ஒரு மாதிரி இருக்கிறது என்றும், ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் கேட்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். மனைவி தெருமுனை வரை கூடப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் பழைய பாதம் இல்லை.

சொன்னபடியே புதன்கிழமை தொலைபேசி வந்தது.

"என்ன மாப்பிள்ளை, காஞ்சிடுச்சா?"

எட்டிப் பார்த்தேன். படியின் நட்டநடுவில் மனைவி இடுப்பில் துணிக்கூடையோடு நின்றுகொண்டு, யார் பேசுவது என்று தலையசைத்துக் கேட்டாள்.

"மேல காஞ்சிருக்கு மச்சான்," என்றேன்.

அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

"சரி. அவசரப்பட வேண்டாம். ஞாயித்துக்கிழமை கேக்கறேன்," என்றார்.

இதோடு ஏழு மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் கேட்காமல் விட்டதில்லை. அந்தப் படி இன்னும் மேலே மட்டும்தான் காய்ந்திருக்கிறது.